ஒரு குளம்பின் பத்து மாதம்

குதிரையின் குளம்பு மேலிருந்து கீழ்நோக்கி வளர்வது. காலின் மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில் லேசாகத் தடித்த ஒரு பட்டை சுற்றி ஓடும். குளம்புச் சுவரின் பிறப்பிடம் அதுதான். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் அங்கே மெல்லிய குழல்களாக உருவாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வீதம் கீழே இறங்குகிறது. முன்பக்கச் சுவரின் நீளம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், செப்டம்பர் நடுவில் உருவான ஒரு கோடு தரையைத் தொட அடுத்த ஜூலை ஆகிவிடும். பத்து மாதம்.

அந்த ஒரு கோட்டின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கோடு இருப்பது ஓர் அரபுக் குதிரையின் முன்னங்காலில். காயடித்த ஆண், ஏழு வயது, 420 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். இடம் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்கு அடிவாரம், ஆபர்ன் ஊர்ப் பக்கம். கோடையில் பௌர்ணமியை ஒட்டிவரும் ஒரு சனிக்கிழமை, ஒரே நாளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் மலைப்பாதையை அது கடந்தாக வேண்டும். டெவிஸ் கோப்பை என்று உலகெங்கும் குதிரைக்காரர்கள் அறிந்த நெடுந்தூரச் சவாரி அது.

அதன் தொடக்கம் 1955. ஆபர்னில் மர வியாபாரமும் வங்கித் தொழிலும் செய்துவந்த வெண்டெல் ராபி என்பவருக்கு அப்போது 60 வயது. பழைய காலத்துத் தபால் குதிரைகள் ஓடியதுபோல் இந்தக் காலத்துக் குதிரை ஒரே நாளில் 100 மைல் போகுமா என்று பேச்சு வந்தபோது, போகும் என்று சொன்னதோடு நிற்காமல் பேண்டோஸ் என்ற தன் அரபுக் குதிரையில் ஏறிவிட்டார். கூட இன்னும் சிலர். டாஹோ ஏரிக்கரையிலிருந்து கிளம்பி 24 மணி நேரத்துக்குள் ஆபர்ன் வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டும் போனார்கள், அதற்கு மறு ஆண்டும். வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் தலைவராக இருந்த லாயிட் டெவிஸின் நினைவாக அவருடைய பேரப்பிள்ளைகள் கொடுத்த கோப்பை 1959இல் வந்து சேர்ந்தது. கோப்பை ஒருவருக்குத்தான். 24 மணி நேரத்துக்குள், குதிரை நொண்டாமல் முடிக்கும் அத்தனை பேருக்கும் இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி பக்கிள் உண்டு. பெரும்பாலோர் வருவது அந்தப் பக்கிளுக்காகத்தான். கிளம்புகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது கிடைப்பதில்லை.

செப்டம்பரில் நம் கோடு பிறக்கும்போது குதிரை ஓய்வில் இருக்கிறது. கோடைச் சவாரிகள் முடிந்துவிட்டன. மேய்ச்சல் நிலம் காய்ந்து பழுத்துக் கிடக்கிறது. காய்ந்த புல்லும் கொஞ்சம் குதிரைமசாலும்தான் தீனி. குளம்பு வலுப்பட பயோட்டின் என்ற வைட்டமினைத் தீவனத்தில் கலக்கிறவர்கள் உண்டு. கொடுத்த மறுமாதமே பலனைத் தேடினால் ஏமாற்றம்தான். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கெரட்டின் செத்த பொருள். அதில் எதையும் திருத்த முடியாது. இன்று தின்றது இன்று பிறக்கும் கோட்டில் சேரும், அந்தக் கோடு தரைக்கு வர முக்கால் வருடத்துக்கு மேல் ஆகும். காய்ச்சல், பட்டினி, திடீர்த் தீவன மாற்றம், அளவுக்கு மீறிய உழைப்பு எதுவானாலும் குளம்பில் வரிவரியாகப் பதிந்துவிடும். விஷயம் தெரிந்தவர் குதிரை வாங்கப் போனால் பல்லைப் பார்த்த கையோடு குனிந்து குளம்பின் வரிகளையும் தடவிப் பார்ப்பது இதனால்தான். விற்பவர் மறைத்ததை அது சொல்லிவிடும்.

அக்டோபரில் பயிற்சி தொடங்குகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை. பிறகு நடையும் டிராட்டும் மாறி மாறி. டிராட் என்பது குதிரை முன்னங்கால் ஒன்றையும் அதற்குக் குறுக்கே உள்ள பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓடும் ஓட்டம். நெடுந்தூரச் சவாரியில் பிழைப்பு நடப்பது இந்த ஓட்டத்தில்தான். சினிமாவில் பார்க்கும் நாலுகால் பாய்ச்சலுக்கு இங்கே வேலை குறைவு. சேணத்துக்கு அடியில் பட்டையோடு கட்டிய கருவி, மணிக்கட்டில் நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டே வரும். நிற்கும்போது நிமிடத்துக்கு 36 அளவில் இருக்கும் துடிப்பு, முழு வேகத்தில் 220க்கு மேல் போகும். பயிற்சி நாட்களில் அதை 150க்குக் கீழே பிடித்து வைப்பது சவாரிக்காரரின் வேலை. தூரம் அதிகம், வேகம் குறைவு. ஒரு வாரத்தில் தூரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டக் கூடாது. மேட்டைக் கூட்டினால் இரண்டையும் கூட்டக் கூடாது. கேட்பதற்குச் சுலபம். தினமும் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஓர் அரபுக் குதிரையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.

டிசம்பர் கடைசிக்குள் குதிரை ஆளே மாறிவிடும். இதயம் வலுத்துவிட்டது. ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. குதிரைக்கு இயற்கை கொடுத்த இன்னொரு வசதி அதன் மண்ணீரல். சிவப்பணுக்களில் கணிசமான பங்கை அங்கே சேமித்து வைத்திருக்கும். ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அத்தனையையும் ரத்தத்தில் இறக்கிவிடும். நிற்கும்போது ரத்தத்தில் நூற்றுக்கு 35, 40 பங்காக இருக்கும் அணுக்கள், கடும் ஓட்டத்தில் 60க்கு மேல் ஏறும். ஆகவே மூன்று மாதப் பயிற்சியிலேயே குதிரை மேட்டைப் பார்த்தால் தானாக ஓடும். இறங்கி ஐந்து நிமிடத்தில் துடிப்பு 60க்கு வந்துவிடும். ஏறியவருக்கு உலகமே தன் காலடியில் என்று தோன்றும்.

ஆபத்து ஆரம்பிப்பதும் இங்கேதான். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மூன்று மாதம் போதும். தசைக்கு ஆறு மாதம். தசைநாண்களுக்கும் மூட்டுகளைக் கட்டிப்போட்டிருக்கும் தசைநார்களுக்கும் ரத்த ஓட்டம் குறைவு, அவை பலப்பட ஒரு வருடம்கூட ஆகும். எலும்புக்கு இரண்டு, மூன்று வருடம். எலும்பு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் எலும்பு, முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதை நிரப்பும். பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில், வெளியே குதிரை மின்னிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், உள்ளே எலும்பு கொஞ்ச காலம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அமெரிக்க நெடுந்தூரச் சவாரிச் சங்கம் 50 மைல் பந்தயத்தில் ஐந்து வயது நிரம்பாத குதிரையைச் சேர்ப்பதில்லை. இரண்டு வயதில் பந்தய மைதானத்தில் இறக்கிவிடப்படும் குதிரைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய நிதானம் என்று புரியும். எனக்கு நெடுந்தூரக்காரர்கள் மேல் மரியாதை வருவது இந்த ஒரு விதியால்தான்.

நுரையீரல் தயார், கால் தயாரில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குதிரைகள் கெட்டுப்போகின்றன. மெதுவாகத் தேறும் உறுப்பின் வேகத்துக்கு மற்ற எல்லாவற்றையும் காக்க வைப்பதுதான் பயிற்சி என்பதன் முழுப் பொருளும். நம் கோடு டிசம்பர் கடைசியில் பிறந்த இடத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. தரைக்கு இன்னும் மூன்றில் இரண்டு பங்கு தூரம் பாக்கி.

குளம்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். குதிரை நிற்பது ஒற்றை விரலின் நுனியில். அந்த விரலின் கடைசி எலும்பு குளம்புக்குள் தொங்குகிறது. தொங்குகிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சுவரின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மடிப்புகள். எலும்பைப் போர்த்திய உயிருள்ள திசுவிலும் அதே மாதிரி மடிப்புகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு குதிரையின் முழு எடையையும் தாங்குகின்றன. அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சுவர் கீழே நகர்ந்துகொண்டும் இருக்கிறது. பிடியை விடாமல் நழுவும் இந்த வித்தையில் கோளாறு வந்தால் மடிப்புகள் அழன்று எலும்பு கீழே இறங்கிவிடும். தானியத்தை அளவுக்கு மேல் தின்ற குதிரைக்கும், உடல் வற்றிக் களைத்துப்போன குதிரைக்கும் வரும் இந்த நோய், பல குதிரைகளைக் கொன்றிருக்கிறது.

அடுத்து லாடம். நமக்கு லாடம் என்றால் மாட்டு லாடம். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைக் கட்டி, பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக அடிப்பார்கள். குதிரையைச் சாய்ப்பதில்லை. லாடம் அடிப்பவர் குதிரைக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னங்காலை மடக்கித் தன் இரண்டு முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்வார். பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த ஓரத்தைக் குறடால் வெட்டி, பெரிய அரத்தால் மட்டமாக ராவுவார். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். ஆணி ஒரு பக்கம் சமமாகவும் மறுபக்கம் நுனியில் சரிவாகவும் இருக்கும். சரிவு உள்நோக்கி இருக்கும்படி அடித்தால் ஆணி வெளிப்பக்கம் வளைந்து, சுவரில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் எட்டிப் பார்க்கும். சுவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் வரை குதிரைக்கு எதுவும் தெரியாது. உள்ளே போய்விட்டால் ரத்தம், சீழ், மாதக்கணக்கில் ஓய்வு. அனுபவப்பட்டவர் கண்ணைவிடக் காதையே நம்புவார். சரியான இடத்தில் இறங்கும் ஆணிக்கு ஒவ்வொரு அடியிலும் ஓசை கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். மெத்தென்ற ஓசை வந்தால் அந்தக் கணமே ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும்.

இந்தக் கைத்தொழில் இல்லாத ஊரில் குதிரை என்னவாகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்குவதையும், அவற்றில் மிகச் சிலவே ஆண்டு முடியும் வரை பிழைப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்களை இங்கே வர விடுவதும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பழைய குதிரை செத்தால்தானே புதிய குதிரை விற்கும்! வெயிலும் தீனியும் சேர்ந்தே கொன்றிருக்கும் என்றாலும், வியாபாரிகளின் கணக்கை நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சியரா அடிவாரத்தில் மழைக்காலம். மேலே மலையில் பனி. பந்தயப் பாதையின் உச்சிப் பகுதிகளுக்குப் போக முடியாது. கீழே சேறு. குளம்பு நீரில் ஊறி மென்மையாகும், காய்ந்து இறுகும், மறுபடி ஊறும். ஆணி பிடிப்பு தளர்வது இதில்தான். அடிப்பக்கம் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் இடுக்குகளில் கிருமி புகுந்து கறுப்பாக அழுகத் தொடங்கும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்வது தவிர வேறு வழி இல்லை. பலர் இந்த மாதங்களில் லாடத்தைக் கழற்றிக் குதிரையை வெறுங்காலோடு விட்டுவிடுவார்கள். வெறுங்கால் குளம்பு தரையில் பதியும்போது குதிகால் பக்கம் லேசாக விரிந்து சுருங்கும், ரத்த ஓட்டத்துக்கு அது நல்லது. குளிரில் குளம்பு வளர்வதும் மந்தமாகிவிடும். பிப்ரவரியில் நம் கோடு சுவரின் பாதியைக்கூட எட்டியிருக்காது.

மார்ச்சில் புல் தளிர்க்கும். வளர்ச்சி வேகம் பிடிக்கும். வசந்தத்தில் முதல் 50 மைல் பந்தயம். 80 கிலோமீட்டர். வெல்வதற்காக இல்லை, குதிரை கற்றுக்கொள்வதற்காக. கூட்டத்தில் பதறாமல் போக, தெரியாத தொட்டியில் தண்ணீர் குடிக்க, மருத்துவர் வாயைத் திறந்து பார்க்கும்போது சும்மா நிற்க. இவையும் பயிற்சிதான்.

தண்ணீர் குடிக்க வைப்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. வெயிலில் ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். நம் வியர்வையில் உப்பு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க நம் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும், தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையில் உப்புச்சத்து ரத்தத்துக்கு நிகராகவோ மேலாகவோ வெளியேறுகிறது. தண்ணீரும் போய் உப்பும் போவதால் ரத்தத்தின் அடர்த்தி மாறுவதில்லை, மூளைக்குத் தாகம் எடுப்பதாகவே தெரிவதில்லை. உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கால்சியமும் பொட்டாசியமும் குறைந்துபோனால் இதயத் துடிப்போடு சேர்ந்து உதரவிதானமும் துடிக்க ஆரம்பிக்கும். விலா ஓரத்தில் உள்ளிருந்து யாரோ குத்துவதுபோல் தெரியும். அதைப் பார்த்த மருத்துவர் குதிரையை அங்கேயே நிறுத்திவிடுவார். 1970களில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் நெடுந்தூரக் குதிரைகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்த பிறகுதான் இதெல்லாம் தெளிவாயிற்று. இன்று உப்புக் கலவையைக் கூழாக்கி ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து வாய் ஓரத்தில் செலுத்துகிறார்கள். சவாரிக்கு முந்தைய நாள் காய்ந்த புல்லை வயிறு நிறையத் தின்ன விடுகிறார்கள். நார்ச்சத்து பெருங்குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், ஓடும்போது அதுவே சேமிப்பு.

மே மாதத்தில் நம் கோடு ஆணி எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. ஜூன் தொடக்கத்தில் அடிக்கும் லாடத்தின் ஆணிகள், கடந்த இலையுதிர் காலத்தில் பிறந்த கெரட்டினுக்குள் முதல் முறையாகப் புகுகின்றன. ஓய்வில், நல்ல தீனியில், நிதானமாக வளர்ந்த கோடு என்றால் ஆணி இறுகப் பிடிக்கும். காய்ச்சலிலோ பட்டினியிலோ வளர்ந்தது என்றால் சுவர் பொருபொருவென்று உதிரும், பாறையில் லாடம் கழன்று விழும். அப்போது வருந்திப் பயனில்லை. இப்போதெல்லாம் ஆணியே வேண்டாம் என்று யூரித்தேன் காலணிகளைப் பசையால் ஒட்டிவிடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். அதற்கும் நல்ல சுவர்தான் தேவை.

சனிக்கிழமை அதிகாலை 5:15. டிரக்கி நகருக்கு அருகே, 7,000 அடி உயரத்தில், ராபியின் பெயரிலேயே உள்ள காட்டு மைதானத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள் இருட்டில் கிளம்புகின்றன. புழுதியில் முன்னால் போகும் வால்கூடத் தெரியாது. மறுநாள் காலை 5:15க்குள் ஆபர்ன் கண்காட்சி மைதானத்தில் இருக்க வேண்டும். நடுவே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மணி நேரம் கட்டாய ஓய்வு. மீதி 22 மணி நேரத்தில் 160 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 7.3 கிலோமீட்டர்தான் வருகிறது. நல்ல சமதரையில் சாதாரணக் குதிரைகூட இதைச் செய்யும். பாதைதான் விஷயம். ஏறிப் போகும் கணவாய் 8,750 அடி. அதைத் தாண்டினால் கிரானைட் பாறைகளும் சதுப்பும். லாடங்கள் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். அப்புறம் கூகர் ராக் என்ற எரிமலைப் பாறை முகடு. அதன்மேல் குதிரை தாவி ஏறும் புகைப்படத்துக்காகவே சுற்றுப்பாதை இருந்தும் மேலே போகிறவர்கள் உண்டு. எனக்கு அது தேவையில்லாத வீரமாகத்தான் படுகிறது.

36ஆவது மைலில் ராபின்சன் ஃபிளாட். இங்கே ஒரு மணி நேரம். குதிரை உள்ளே வந்ததும் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் மார்பிலும் தண்ணீரை ஊற்றி ஊற்றி வழித்துவிடுகிறார்கள் உதவியாளர்கள். மருத்துவர் குழுவில் ஒருவர் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணுகிறார். 16 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 64. இடத்தைப் பொறுத்து 64 அல்லது 60க்கு இறங்காத வரை ஓய்வு நேரமே தொடங்காது. பிறகு ஈற்றை விரலால் அழுத்தி விட்டு நிறம் திரும்பும் நேரத்தைப் பார்க்கிறார். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுகிறார், மடிப்பு உடனே தட்டையாகாவிட்டால் நீர் வற்றியிருக்கிறது. வயிற்றில் நான்கு இடத்தில் குடல் இரைச்சலைக் கேட்கிறார். சத்தம் இல்லாத குடல் ஆபத்தான குடல். கடைசியாகக் குதிரையை 125 அடி ஓடவிட்டுத் திரும்ப வரச் சொல்கிறார். காலில் சமம் தவறினால், தலை ஒரு பக்கம் ஏறி இறங்கினால், அவ்வளவுதான். ஒரு நிமிடம் கழித்து மறுபடி துடிப்பு. முன்பைவிடக் கூடியிருந்தால் குதிரை களைத்துவிட்டது, அல்லது எங்கோ வலிக்கிறது. குதிரையால் பேச முடியாததை அந்த நாலைந்து துடிப்பு பேசிவிடும்.

மதியம் பள்ளத்தாக்குகள். அமெரிக்கன் ஆற்றின் கிளைகள் குடைந்த செங்குத்துப் பள்ளங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஆண்டுகள் உண்டு. காற்று அசையாது. கீழே ஆறு வரை இறங்கி, குதிரையை நீரில் நிறுத்தி நனைத்து, எதிர்ச்சரிவில் டெவில்ஸ் தம்ப் என்ற குன்றுக்கு ஏற வேண்டும். பலர் குதிரையிலிருந்து இறங்கி, அதை முன்னால் விட்டு, வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறுகிறார்கள். புலிவாலைப் பிடித்த கதையைக் கேட்டிருக்கிறோம், குதிரைவாலைப் பிடிப்பதும் இங்கே ஒரு பயிற்சி. எட்டு மாதத்துக்கு முன்பே குதிரைக்கு அதைப் பழக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னங்கால் உதைதான் பதில்.

இந்தப் பாதையில் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை 1973இல் நொண்டி நின்றுவிட்டது. மறு ஆண்டு அவர் குதிரை இல்லாமல், குதிரைகளோடு குதிரையாகத் தானே ஓடினார். 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். இன்று உலகமெங்கும் நடக்கும் நூறு மைல் ஓட்டப் பந்தயங்களுக்கு மூல வித்து அதுதான்.

68ஆவது மைல் ஃபாரஸ்ட்ஹில். மறுபடி ஒரு மணி நேரம். வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதன் பிறகு நிலா வெளிச்சம், ஒருபக்கம் பள்ளம், ஒற்றையடிப் பாதை. விளக்கு போட்டால் குதிரைக்குக் கண் கூசும், அதன் இருட்டுப் பார்வையை நம்பி விட்டுவிடுவதே நல்லது. 85ஆவது மைலில் ஒரு சோதனை, ஆற்றைக் கடத்தல், 94இல் இன்னொன்று. 1912இல் ரயிலுக்காகக் கட்டிய நோ ஹேண்ட்ஸ் பாலத்தைக் குளம்போசையோடு தாண்டினால் மேடேறி ஆபர்ன். டிராட்டில் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர் என்று வைத்தாலும், அந்த முன்னங்குளம்பு அன்று ஒரு நாளில் தரையில் 64,000 தடவை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அடியைத் தாங்கியது செப்டம்பரில் பிறந்த கெரட்டின்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதோடு முடிவதில்லை. கடைசி மருத்துவச் சோதனையில் தேறினால்தான் முடித்ததாகக் கணக்கு. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகள் மறுநாள் காலை மறுபடி மருத்துவர்கள் முன் ஓடிக் காட்ட வேண்டும். அவற்றில் உடல்நிலை மிக நன்றாக இருக்கும் குதிரைக்கு 1964 முதல் ஹாகின் கோப்பை. முதலில் வந்தவரின் கோப்பையைவிட இதை உயர்வாக மதிக்கிறவர்கள் குதிரைக்காரர்களில் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான்.

பந்தயம் முடிந்த குதிரைக்குப் பல வாரம் ஓய்வு. முதுகில் யாரும் ஏறுவதில்லை. ஆகஸ்டில் லாடக்காரர் வருகிறார். ஆணிகளின் மடித்த நுனிகளை நிமிர்த்தி, லாடத்தை நெம்பி எடுத்து, குறடால் குளம்பின் ஓரத்தைச் சுற்றி வெட்டுகிறார். விரல் அகலத்துக்கும் குறைவான, ஆணித் துளையோடு கூடிய ஒரு பிறைத்துண்டு தொழுவத்துத் தரையில் விழுகிறது. சென்ற செப்டம்பரின் கோடு அதில்தான் இருக்கிறது. குளம்புத் துண்டு என்றால் நாய்களுக்கு உயிர். லாடக்காரர்களோடு அநேகமாக ஒரு நாயும் வண்டியில் வருவது வழக்கம். அது துண்டைக் கவ்விக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து மென்று தின்றுவிடும்.